ஒரு கையொப்பமும் ஒரு பட்டமும்

ஆண்டுதோறும் ஜூன் திங்களில் ஆக்ஸ்போர்டு நகரில் ஓர் ஊர்வலம் புறப்படுகிறது. செந்நிற அங்கிகள் அசைந்தாட, சதுரத் தொப்பிகள் தலைகளில் வீற்றிருக்க, பேராசிரியப் பெருமக்கள் வரிசையாக நடக்கின்றனர். நடப்பதற்கு முன் ஒரு சிற்றுண்டி உண்டு. க்ரூ பிரபு என்னும் ஆயர் முந்நூறு ஆண்டுகட்கு முன் விட்டுச் சென்ற கொடையின் பெயரால் பீச் பழமும், ஸ்ட்ராபெர்ரிப் பழமும், ஷாம்பேன் மதுவும் பரிமாறப்படும். வயிறு குளிர்ந்த பின் வரிசை நடை. 1669இல் திறக்கப்பட்ட ஷெல்டோனியன் மண்டபத்தில் நுழைவு. அங்கே இலத்தீன் மொழியில் புகழுரை. பின்னர், அந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தத் தேர்வும் எழுதாத ஒருவர் 'டாக்டர்' ஆகி இருக்கையில் அமர்கிறார். இதுதான் மதிப்புறு பட்டம் வழங்கும் விழா.

கூடியிருப்போரில் பெரும்பாலோர்க்குப் புரியாத மொழி, பட்டாடை, பழத்தட்டு, முடிவில் ஒரு புனிதம்! எங்கோ பார்த்தது போல் இருக்கிறதல்லவா? இருக்கும், இருக்கும், சடங்கு எந்த ஊரில் நடந்தாலும் அதன் சாயல் ஒன்றுதான்.

ஆனால், தோழர்களே, சடங்கைக் கண்டு சிரித்துவிட்டுப் போவது எளிய வேலை. பகுத்தறிவாளன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த மண்டபத்துக்குள் ஒருவர் பெயர் எவ்வழியாக நுழைந்தது? யார் முன்மொழிந்தார்? யார் ஏற்றார்? 'வேண்டாம்' என்று சொல்ல யாருக்கேனும் உரிமை இருந்ததா? அங்கியின் நிறத்தைவிட, அந்த அங்கியை மறுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதுதான் ஒரு பல்கலைக்கழகத்தின் தகுதியைக் காட்டும் அளவுகோல்.

தொடக்கத்தைச் சற்றுப் பார்ப்போம். ஆக்ஸ்போர்டு முதன்முதலில் மதிப்புறு பட்டம் வழங்க முன்வந்தது 1478 அல்லது 1479இல். யாருக்கு? பேரறிவாளர்க்கா? புது நூல் கண்டவர்க்கா? லயனல் உட்வில் என்பவர்க்கு. அவர் யார்? எக்ஸெட்டர் திருச்சபையில் பதவி வகித்தவர். அத்துடன் இன்னொரு தகுதியும் அவருக்கு இருந்தது; அரசன் நான்காம் எட்வர்டின் மைத்துனர்! சில நாளில் அவரே அப்பல்கலைக்கழகத்தின் வேந்தர் ஆனார். 1482இல் ஆயரும் ஆனார். அரசனை நெருங்க வேண்டும்; அதற்கு அரசியின் உடன்பிறந்தாரை மகிழ்விக்க வேண்டும்; அதற்கு ஒரு பட்டம் வேண்டும். ஆக, இந்த வழக்கத்தின் தொட்டிலிலேயே கிடந்தது கல்வி அன்று, காரியம்!

பிறப்பு இப்படியிருந்தது என்பதற்காக வளர்ப்பும் அப்படியே இருக்க வேண்டும் என்பதில்லை. பல நூற்றாண்டுகளில் அங்கே ஒரு முறை உருவாயிற்று. ஆசிரியர் பேரவையைச் சேர்ந்த எவரும் ஒரு பெயரை முன்மொழியலாம். முன்மொழிவு கமுக்கமாக வைக்கப்படும். ஒரு குழு அதைச் சலித்தெடுக்கும்; ஆட்சிக்குழு அதனை ஏற்கும். அதன்பின் அப்பெயர், பாடம் நடத்தும் ஆசிரியர்கள் நிறைந்த பேரவையின் முன் வந்து நிற்கும். பெரும்பாலும் பேரவை வாய் திறப்பதில்லை. தலையசைப்போடு அலுவல் முடிந்துவிடும். ஆனால் எதிர்ப்பு எழுந்தால் விவாதம் உண்டு, வாக்கெடுப்பும் உண்டு. இந்தக் கடைசி வாயில் ஒன்றுதான் பொருட்படுத்தத்தக்கது. அந்த வாயிலைத் தட்டியோரின் கதையைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

1956. அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் ஹாரி ட்ரூமனுக்கு டாக்டர் பட்டம் வழங்க ஆக்ஸ்போர்டு முடிவு செய்தது. ட்ரூமன் கல்லூரிப் படிப்பை முடித்தவர் அல்லர், அதில் இழிவேதுமில்லை. எலிசபெத் ஆன்ஸ்கோம் என்னும் தத்துவ ஆசிரியை எழுந்து நின்றார். இவர் ஆணையிட்டதால்தான் 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமாவும், 9ஆம் நாள் நாகசாகியும் எரிந்தன. தொட்டில் குழந்தையும் நோயுற்ற கிழவியும் போர்வீரர் அல்லர். குற்றமற்றோரைக் கொல்வதையே வழியாகக் கொண்டு வெற்றி தேடுவது கொலை. கொலைக்குப் பொறுப்பானவரைப் பல்கலைக்கழகம் போற்றினால் அந்தக் கொலைக்குப் பல்கலைக்கழகமும் உடந்தை. இதுதான் அவர் வாதம்.

அந்த அம்மையார் ஆழ்ந்த கத்தோலிக்க நம்பிக்கையுடையவர். நாம் நடக்கும் வழி வேறு; அவர் நடந்த வழி வேறு. ஆனால் ஓர் அவை முழுவதும் தலையாட்டக் காத்திருக்கையில், தனியொருத்தியாக எழுந்து 'இது தகாது' என்று காரணத்தோடு சொல்வது எவரிடம் இருந்தாலும் நாம் வணங்கத்தக்க பண்பு. நாம் வணங்குவது அதை ஒன்றைத்தானே!

அவருக்கு என்ன மறுமொழி கிடைத்தது? அதனையும் அவரே பின்னர்ச் சிறு வெளியீடொன்றில் பதிந்து வைத்தார். பெண்கள் ஏதோ கலகம் செய்யப் பார்க்கிறார்கள், போய் வாக்களித்துத் தோற்கடிக்க வேண்டும் என்று ஒரு கல்லூரியில் ஆள் திரட்டினார்களாம்! வாதத்துக்கு வாதம் இல்லை; வாதம் புரிந்தவர் பெண் என்பதே விடையாயிற்று. அவையில் ட்ரூமனுக்காகப் பேசியவர் சொன்னது இன்னும் விந்தை: அணுகுண்டை அவர் ஒருவரா செய்தார்? அவர் ஒருவராகவா முடிவெடுத்தார்? ஆணையின் அடியில் இருப்பது அவர் கையொப்பம் என்பதற்காகவே முழுப் பொறுப்பையும் அவர் தலையில் சுமத்தலாமா?

கையொப்பம்! இச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நண்பர்களே. பின்னர் இதனிடம் திரும்பி வருவோம்.

ஆன்ஸ்கோம் தோற்றார். அவர் பக்கம் நின்றோர் விரல் விட்டு எண்ணத்தக்கவர்களே. ஜூன் 20ஆம் நாள் ட்ரூமன் பட்டம் பெற்றார். ஆனால் அந்தப் பட்டமளிப்பை இன்று நினைப்போர் எவரும், பெற்றவரோடு மறுத்தவரையும் சேர்த்தே நினைக்கின்றனர். இலத்தீன் புகழுரை மறக்கப்பட்டது. அந்தப் பெண்ணின் மறுப்புரை பாட நூலாயிற்று.

அன்று தட்டப்பட்ட கதவு பின்னொரு நாள் திறந்தது. 1975இல் பாகிஸ்தான் பிரதமர் ஜுல்பிகர் அலி புட்டோவுக்குப் பட்டம் வழங்க முன்மொழிவு வந்தபோது, 1971இல் கிழக்கு வங்காளத்தில் நடந்த படுகொலைகளில் அவருக்கிருந்த பொறுப்பைச் சுட்டி ஆசிரியர்கள் எதிர்த்தனர், பட்டம் மறுக்கப்பட்டது. அப்போது அவர் மகள் அதே ஆக்ஸ்போர்டில் மாணவியாக இருந்தார். முகத்தாட்சணியம் குறுக்கே வந்திருக்கலாம், வரவில்லை.

பின்னர் 1985. பிரிட்டனின் பிரதமர் மார்கரெட் தாட்சர். அயல்நாட்டார் அல்லர், ஆக்ஸ்போர்டின் சாமர்வில் கல்லூரியில் வேதியியல் கற்றவர், நாட்டின் முதல் பெண் பிரதமர். ஆக்ஸ்போர்டில் படித்துப் பிரதமரானோர்க்குப் பட்டம் தருவது போருக்குப்பின் வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. ஆட்சிக்குழு முன்மொழிந்தது. ஆனால் கல்விக்கும் அறிவியல் ஆய்வுக்கும் தரும் பணத்தை வெட்டிக்கொண்டே வந்த ஓர் ஆட்சியின் தலைவிக்குக் கல்விக்கூடமே மாலை சூட்டுவதா என்று ஆசிரியர்கள் கேட்டனர். ஜனவரி 29ஆம் நாள் விவாதம் நடந்தது, வாக்கெடுப்பு நடந்தது. எதிர்த்து 738, ஆதரித்து 319.

எண்ணிப் பாருங்கள். பல்கலைக்கழகங்களின் கருவூலச் சாவி யார் கையில் இருக்கிறதோ, அவர் முகத்துக்கு நேரே 738 பேர் 'வேண்டாம்' என்றனர். மறுநாள் எவர் வேலையும் போகவில்லை. எவரும் தொலைதூர ஊருக்கு மாற்றப்படவில்லை. தாட்சர் அம்மையாரின் ஆட்சியும் கவிழ்ந்துவிடவில்லை. மேலும் ஐந்தாண்டுகள் அவர் ஆண்டார். நடந்தது ஒன்றே: பட்டம் என்பது பதவியின் நிழல் அன்று என்பதை ஓர் ஆசிரியர் கூட்டம் உலகுக்கு அறிவித்தது.

"அப்படியானால் ஒருவரை அழைத்து வந்து அவமதிப்பதுதான் முறையா? வெளிப்படையான வாக்கெடுப்பு வேண்டுமென்றால் மானமுள்ள எவர் பட்டம் பெற வருவார்?" என்பர் சிலர். நியாயமான கேள்வி. விடை கேம்பிரிட்ஜில் கிடைக்கிறது. 1992இல் பிரெஞ்சுத் தத்துவ ஆசிரியர் ஜாக் டெரிடாவுக்கு அங்கே பட்டம் முன்மொழியப்பட்டது. தெளிவில்லாத எழுத்து, தத்துவமே அன்று என்று பல நாட்டுத் தத்துவ அறிஞர்கள் 'டைம்ஸ்' ஏட்டுக்கு முடங்கல் எழுதினர். பல்கலைக்கழகத்துள்ளும் எதிர்ப்பு எழுந்தது. வாக்கெடுத்தனர்: ஆதரவு 336, எதிர்ப்பு 204. டெரிடா பட்டம் பெற்றார். அவர் எழுத்தைப் பற்றி உங்கள் கருத்து எதுவாயினும் இருக்கட்டும். எதிர்ப்பின் நெருப்பில் காய்ச்சி எடுத்த பட்டம் அது. யாரும் கேள்வி கேட்க முடியாததால் கிடைத்த பட்டத்தைவிட, கேட்ட கேள்விகளையெல்லாம் கடந்து வந்த பட்டம் கனமானதல்லவா?

ஆக்ஸ்போர்டைப் புகழ்ந்து பாடுவதற்காக நான் இதை எழுதவில்லை. அங்கும் குறை உண்டு. எதிர்ப்பு எழும் வரை எல்லாம் மூடிய அறையில்தான் நடக்கிறது. எழும் எதிர்ப்பும் அரிது. பட்டம் தந்தபின் பரிதவிக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு: எடின்பரோ 1984இல் சிம்பாப்வேயின் ராபர்ட் முகாபேக்கு வழங்கியதை 2007இல் திரும்பப் பெற்றது. இந்தத் தொல்லையே வேண்டாமென்று கதவைச் சாத்திவிட்ட பல்கலைக்கழகங்களும் உள்ளன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் மதிப்புறு பட்டமே வழங்குவதில்லை. கார்னெல் 1886இல் இருவருக்குத் தந்ததோடு நிறுத்திக்கொண்டது. அவற்றின் புகழ் குன்றிவிடவில்லை.

அப்படியானால் மதிப்புறு பட்டம் என்பதே வேண்டாத பொருளா? அல்ல என்பேன். தேர்வுக்கூடத்தின் வழியே வராத அறிவும் உலகில் உண்டு. சாமிநாதையர் எந்தக் கல்லூரிப் பட்டமும் பெற்றவர் அல்லர். செல்லரித்த சுவடிகளைத் தேடி ஊர் ஊராய் அலைந்து தமிழின் பழஞ்செல்வத்தை அச்சேற்றியவர். 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியபோது பல்கலைக்கழகம் தன்னைத்தான் பெருமைப்படுத்திக்கொண்டது. 1940இல் இரவீந்திரநாத் தாகூருக்காக ஆக்ஸ்போர்டு, பட்டம் பெறுவோர் நேரில் வரவேண்டும் என்ற வழக்கத்தை விட்டு, சாந்திநிகேதனிலேயே தனி விழா நடத்திற்று. இலத்தீனில் புகழ்ந்தார்கள், தாகூர் வடமொழியில் நன்றி சொன்னார். கூடியிருந்தோரில் எத்தனை பேர்க்கு இரண்டும் விளங்கினவோ, அது வேறு செய்தி! பட்டம் உரியவரிடம் சேர்ந்தது என்பதுதான் நாம் கொள்ள வேண்டியது.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

நம் பல்கலைக்கழகங்களில் நடைமுறை என்ன? ஆட்சிக்குழு பரிந்துரைக்கும், பேரவை ஏற்கும், வேந்தர் ஒப்புதல் தருவார். வேந்தர் யார்? மாநில ஆளுநர். அவர் அறிஞராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆளுநர் என்பதாலேயே வேந்தர்! அவரை அப்பதவிக்குத் தெரிந்தெடுத்ததில் ஆசிரியர்க்கும் பங்கில்லை, மாணவர்க்கும் பங்கில்லை.

முதலில் நம் முதுகில் உள்ள அழுக்கைப் பார்த்துக்கொள்வோம். பிறகு பிறர் முதுகைப் பேசலாம். 1971இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் முதலமைச்சராய் இருந்த கலைஞர் கருணாநிதிக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. 1991இல் சென்னைப் பல்கலைக்கழகம் முதலமைச்சராய் இருந்த ஜெயலலிதாவுக்கு வழங்கியது. கலைஞரின் தமிழை நாம் அறிவோம். அது எந்தப் பல்கலைக்கழகத்தின் சான்றுக்கும் காத்திருந்ததன்று. ஆனால் நாற்காலியில் அமர்ந்திருக்கும் காலத்தில் தரப்படும் பட்டம் எழுத்துக்கா, நாற்காலிக்கா என்று கேட்பவர் வாயை அடைக்க நம்மிடம் என்ன விடை இருக்கிறது? 1971இல் மாணவர்கள் எதிர்த்தனர். அவர்கள் எதிர்ப்பைச் சொல்ல ஓர் அவை இல்லை. ஒரு வாக்குச்சீட்டு இல்லை. ஆகவே எதிர்ப்பு வளாகத்துத் தெருவுக்கு வந்தது. தெருவுக்கு வந்ததைத் தடி சந்தித்தது. அந்தக் கொந்தளிப்பில் ஒரு மாணவர் உயிரிழந்தார். ஷெல்டோனியன் மண்டபத்தில் சீட்டாக விழுந்த அதே 'வேண்டாம்', இங்கே பிணமாக விழுந்தது. நம்மவர் பெற்றார் என்பதற்காக இதை மறப்பது பகுத்தறிவாகாது.

இப்போது 2023. மதுரை காமராசர் பல்கலைக்கழகம். என். சங்கரய்யாவுக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்க ஆட்சிக்குழு தீர்மானித்தது; பேரவையும் ஏற்றது. சங்கரய்யா நம் அணியினர் அல்லர். பொதுவுடைமை இயக்கத்தின் மூத்த தலைவர். ஆட்சியில் அமர்ந்தவர் அல்லர். அவரால் பல்கலைக்கழகத்துக்கு ஆக வேண்டிய காரியமும் எதுவுமில்லை. நூற்றாண்டைக் கடந்த முதியவர். 1941இல் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் இளங்கலை இறுதித் தேர்வு நெருங்கி வந்த நேரத்தில், வெள்ளையனை எதிர்த்ததற்காகக் கைது செய்யப்பட்டார். தேர்வு போயிற்று, படிப்பு போயிற்று. வாழ்நாளில் எட்டாண்டுகள் சிறையில் கழிந்தன. 2021இல் 'தகைசால் தமிழர்' விருதோடு அரசு தந்த பத்து இலட்ச ரூபாயையும் முதலமைச்சரின் நிவாரண நிதிக்கே திருப்பித் தந்தார்.

நாட்டுக்காக ஒரு பட்டத்தை இழந்தவர்க்கு, அவர் படித்த மதுரை மண்ணில் பின்னர் எழுந்த பல்கலைக்கழகம் ஒரு பட்டம் தர விரும்பிற்று. மதிப்புறு பட்டம் என்னும் ஏற்பாடு எதற்காக இருக்கிறதோ, அதற்காகவே பிறந்தது போன்ற நேர்வு அல்லவா இது?

வேந்தராக இருந்த ஆளுநர் ஆர்.என். ரவி கையொப்பமிடவில்லை.

அந்த ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் பட்டமளிப்பு விழா நடந்தது. உயர்கல்வி அமைச்சர் விழாவைப் புறக்கணித்தார். சங்கரய்யா பெயர் அழைக்கப்படவில்லை. நவம்பர் 15ஆம் நாள் அவர் மறைந்தார்.

இப்போது அந்தச் சொல்லிடம் திரும்புவோம். 1956இல் ஆக்ஸ்போர்டில் என்ன சொன்னார்கள்? கையொப்பம் இட்டவர் என்பதற்காகவே ஒருவரைப் பொறுப்பாளி ஆக்கலாமா என்றார்கள். இரண்டு நகரங்களை எரித்த ஆணையின் அடியில் இருந்த கையொப்பமும் அவர்களுக்கு ஓர் எழுத்துக் கிறுக்கலாகத் தெரிந்தது. 2023இல் மதுரையில் அதே கையொப்பம் எத்தனை வலிமை பெற்றுவிட்டது! ஆட்சிக்குழுவின் தீர்மானம், பேரவையின் இசைவு, ஒரு நாட்டுத் தொண்டரின் எட்டாண்டுச் சிறை, எல்லாம் ஒரு தட்டில். விழாத ஒரு கையொப்பம் மறு தட்டில். தட்டு எந்தப் பக்கம் தாழ்ந்தது என்பதை நாடு கண்டது.

மறுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. இதுவரை மறுத்தோரைப் போற்றியல்லவா எழுதினேன்! ஆனால் மறுப்பிலும் இரண்டு வகை உண்டு. தாட்சருக்கு மறுத்தோர் காரணம் சொன்னார்கள், எதிர்வாதம் கேட்டார்கள், எண்ணப்பட்டார்கள், அதிகாரத்தில் இருப்பவரை நோக்கி, இல்லாதவர்கள் மறுத்தார்கள். சங்கரய்யாவுக்கு நேர்ந்ததோ, விவாதிக்க அவையில்லாத மறுப்பு. எண்ணிக்கை 'ஒன்று' என்பதோடு முடிந்த மறுப்பு. அதிகாரத்தின் உச்சியில் இருந்து, அதிகாரம் எதுவுமற்ற ஒரு முதியவரை நோக்கி இறங்கிய மறுப்பு. முன்னதற்குப் பெயர் கல்விக்கூடத்தின் தன்மானம். பின்னதற்கு என்ன பெயர் வைப்பது? நீங்களே சொல்லுங்கள்.

மூடிய அறையில் தரப்படுவதும், ஒற்றைப் பேனாவால் தடுக்கப்படுவதும் ஒரே நோயின் இரு முகங்கள். அந்த நோயால் 'டாக்டர்' என்னும் சொல்லே விலை குறைந்து போயிற்று. 2023இலேயே, அண்ணா பல்கலைக்கழக வளாகத்து அரங்கில், அப்பல்கலைக்கழகத்துக்குத் தொடர்பில்லாத ஒரு தனி அமைப்பு, திரைத்துறையினர் முதலானோரை வரிசையாக நிறுத்தி 'டாக்டர்' பட்டம் வழங்கிய கூத்தும் நடந்தது. உண்மையான பட்டம் எப்படித் தரப்படுகிறது என்பதை மக்கள் கண்ணால் கண்டிருந்தால், போலிப் பட்டம் இத்தனை எளிதில் விலை போகுமா?

செய்ய வேண்டுவன அரியன அல்ல. முன்மொழியப்படும் பெயரையும் அதற்கான காரணத்தையும், விழாவுக்குப் பல நாள் முன்னரே தமிழில் எழுதி வெளியிடுக. பல்கலைக்கழகத்துக்குப் பணம் ஒதுக்கும் பதவியிலோ, துணைவேந்தரை அமர்த்தும் பதவியிலோ இருப்பவர்க்கு, அவர் எக்கட்சியினராயினும், பதவி நீங்கும் வரை பட்டம் இல்லை என்று விதி செய்க. பாடம் நடத்தும் ஆசிரியர்கள் அடங்கிய பேரவையில் மறைமுக வாக்கெடுப்பு நடத்துக. மாணவர் பேராளர்க்கும் அங்கே பேச இடம் தருக. பேரவை ஏற்றபின் வேந்தரின் கையொப்பம் கடமையாகட்டும். மறுத்தால் காரணம் எழுத்தில் வரட்டும். அந்தக் காரணத்தைப் பேரவை மீண்டும் எடைபோடட்டும்.

இளந்தோழர்களே! அடுத்த பட்டமளிப்பு விழாவுக்கு உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பந்தல் போடுவார்கள். அழைப்பிதழில் பெரிய எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். அப்பெயர் உங்களுக்குப் பிடித்தவரதாக இருந்தால் கைதட்டும் முன்பும், பிடிக்காதவரதாக இருந்தால் கறுப்புக்கொடி எடுக்கும் முன்பும், மூன்று கேள்விகளை எழுதிப் பதிவாளர்க்கு அனுப்புங்கள்: இவரை முன்மொழிந்தது யார்? எந்தப் பணிக்காக? எத்தனை பேர் வாக்களித்தார்கள்?

விடை வராமல் போகலாம். அடுத்த ஆண்டும் அனுப்புங்கள். ஆன்ஸ்கோம் அம்மையார் தட்டியபோது திறக்காத கதவு, இருபதாண்டுகள் கழித்துத்தான் திறந்தது.